மதகுச் சாவி யார் கையில்?

போன மாதம் ஆசிரியர் கூப்பிட்டு, "தண்ணிக் கேள்வியா மட்டும் ஒரு கட்டு சேர்ந்துபோச்சுங்க, ஒரு இதழ்ப் பதிலை அதுக்கே விட்டுறலாங்களா?" என்றார். சரி என்றேன். வாய்க்கால் கரையிலேயே முப்பத்தோரு வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு, இப்போது கோபிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சளோடு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன தெரியும்? நான் வக்கீல் இல்லை. ஷட்டர் திருகிய கை எழுதும் பதில் இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அப்படியானால் காவிரிக்கு டெல்லியில் ஓர் ஆணையம் எதற்கு? தேர்வில் எதை எழுதுவது?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் அந்த வரியின் வாலை வெட்டிவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17வது இனம்: தண்ணீர், அதாவது நீர் வழங்கல், பாசனம், வாய்க்கால், வடிகால், கரை, நீர்த்தேக்கம், நீர்மின்சாரம். இவ்வளவும் மாநிலத்துக்குத்தான். வால் என்னவென்றால், "மத்தியப் பட்டியலின் 56வது இனத்துக்கு உட்பட்டு". அந்த 56 என்ன சொல்கிறது? ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஓடும் ஆறுகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் ஒழுங்குபடுத்துவதில், பொதுநலனுக்கு எந்த அளவு தேவை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சொல்கிறதோ, அந்த அளவு மத்திய அரசுக்கு.

உங்கள் வீட்டுப் பீரோவில் பாகப்பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், மின்மோட்டார் சர்வீஸில் நாலில் ஒரு பாகமும், வாய்க்கால் தடம் பாத்தியமும்" என்று எழுதியிருக்கும். பூமி முழுக்க உங்களுடையது, பட்டா உங்கள் பெயரில். கிணற்றில் மட்டும் பங்காளிகளோடு முறை. உங்கள் முறை நாளில் நீங்கள் மஞ்சளுக்குப் பாய்ச்சுகிறீர்களா, கரும்புக்குப் பாய்ச்சுகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவன் முறை நாளில் சுவிட்ச் போட்டால்தான் சண்டை. 17வது இனம் பூமி, 56வது இனம் கிணற்றுப் பாகம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள், மார்க் போட மாட்டார்கள்.

பங்காளிச் சண்டை வந்தால் எங்கே போவது என்பதற்கு 262வது பிரிவு. மாநிலங்களுக்கு இடையிலான ஆற்றுநீர்த் தகராறைத் தீர்க்க நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம், அதில் உச்ச நீதிமன்றமே தலையிடக் கூடாது என்றும் வைக்கலாம். அப்படி வந்ததுதான் 1956ஆம் வருடத்து ஆற்றுநீர்த் தகராறுச் சட்டம். காவிரிக்குத் தீர்ப்பாயம் வேண்டும் என்று தமிழ்நாடு 1986ல் கேட்டது. கிடைத்தது 1990 ஜூனில், அதுவும் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில். மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, நமக்கு 419, கர்நாடகாவுக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சம் 14ல் 10 ஆற்றின் சுற்றுச்சூழலுக்கு, 4 எப்படியும் கடலுக்குப் போவதற்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75ஐக் குறைத்து கர்நாடகாவுக்குக் கொடுத்தது. நமக்கு இப்போது 404.25. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 192லிருந்து 177.25 ஆனது. தலையிடக் கூடாத நீதிமன்றம் எப்படித் தலையிட்டது என்று கேட்பீர்கள். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து வரும் மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் போகவில்லை என்று 2016லேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை நடத்திவைக்கத்தான் 2018 ஜூன் 1ல் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. நாலு மாநிலங்களின் ஆட்களும் மத்திய அரசின் ஆட்களும் அதில் உட்காருகிறார்கள். ஆனால் இதைக் கவனியுங்கள்: ஆணையம் விடச் சொல்லும், கணக்குப் பார்க்கும். கிருஷ்ணராஜ சாகரில் ஷட்டரைத் தூக்குவது கர்நாடக ஊழியர். மேட்டூரில் தூக்குவது நம் ஊழியர். சாவி டெல்லியில் இல்லை. நான் உத்தியோகத்தில் கற்றது ஒன்றுதான்: தண்ணீரில் உரிமை யாருக்கு என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். சாவி யாரிடம், கேஜ் என்கிற நீர்மட்ட அளவுகோலைப் படிப்பது யார் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

டி.எம்.சி., டி.எம்.சி. என்கிறீர்களே, ஒரு டி.எம்.சி. எவ்வளவு பெரிது?
(பள்ளி ஆசிரியர், அந்தியூர்)

நூறு கோடி கன அடி. லிட்டரில் 2,831 கோடி சொச்சம். இப்படிச் சொன்னால் எனக்கே ஒன்றும் தெரியாது. கீழ்பவானி வாய்க்காலில் முழு அளவாக 2,300 கன அடி விட்டிருக்கும்போது சத்தியமங்கலம் பக்கம் பாலத்தில் நின்று பாருங்கள். அப்படியே இரவு பகலாக ஐந்து நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த அளவை மறக்காதீர்கள், கீழே வேண்டியிருக்கும்.

அட்டப்பாடியில் பவானிக்குக் குறுக்கே கேரளா தடுப்பணை கட்டுகிறது. நம் ஆற்றில் அவர்கள் எப்படிக் கட்டலாம்? மத்திய அரசு தூங்குகிறதா?
(பவானி நதிநீர்ப் பாசன விவசாயி, பவானி)

ஏனுங்க, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பவானி நீலகிரிப் பக்கம் நம் மலையில் பிறந்து கேரளாவுக்குள் போகிறது. முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி நம்மிடம் வருகிறது. பொறந்த வீட்டிலிருந்து போய், புகுந்த வீட்டில் தங்கி, பொறந்த வீட்டுக்கே திரும்பி வரும் பெண் மாதிரி. இடையில் தங்கிய வீட்டுக்காரர்களுக்கும் பாத்தியம் உண்டு. தீர்ப்பாயம் கேரளாவுக்குக் கொடுத்த 30 டி.எம்.சி.யில் கபினியில் 21, பவானியில் 6, அமராவதிக்கு வரும் பாம்பாற்றில் 3 என்று பிரித்தே எழுதியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை.

6 டி.எம்.சி. என்றால் எவ்வளவு? நம் கீழ்பவானி வாய்க்கால் முழு அளவில் ஒரு மாதம் ஓடும் தண்ணீர். சின்னதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் போகத்தில் ஒரு மாதத் தண்ணீர் குறைந்தால் கடலை என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது அவர்கள் பங்கு. முக்காலியில் தடுப்பணை என்று பேச்சு வந்த காலத்தில் நானும் கொதித்தவன்தான். பின்னால் தீர்ப்பாயத்தின் எண்ணைப் படித்தபோது சத்தம் கொஞ்சம் இறங்கியது.

அப்படியானால் கேட்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 6க்குள் நிற்கிறார்களா என்று யார் அளக்கிறார்கள்? கோபிக்குக் கிழக்கே சவண்டப்பூரில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. பவானியில் எவ்வளவு ஓடுகிறது என்று அங்கே அளக்கிறார்கள். அது பவானிசாகர் அணைக்கும் கொடிவேரி அணைக்கட்டுக்கும் கீழே. நாம் எடுத்தது போக மிச்சம் ஓடுவதைத்தான் அது சொல்லும். கேரளா எடுப்பதைச் சொல்ல வேண்டுமானால் அட்டப்பாடியை விட்டு நம் எல்லைக்குள் ஆறு நுழையும் இடத்துக் கணக்கு மாதாமாதம் ஆணையத்தின் முன் வைக்கப்பட வேண்டும். "கட்டாதே" என்று சாலையில் உட்காருவதைவிட, "கட்டு, ஆனால் கேஜ் வை, எங்கள் ஆளும் பக்கத்தில் நின்று படிப்பான்" என்று ஆணையத்திடம் மனு கொடுப்பது பலிக்கும் என்பது என் எண்ணம். இதற்காக என்னைத் திட்டி வரும் கடிதங்களை அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆழியாற்றில் நிலைமை தலைகீழ். அங்கே மேல்மடை நாம், கடைமடை கேரளா. மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தள்ளிப்போனால் அவர்கள் சாலையில் உட்காருகிறார்கள். ஒரே கேரளா ஓரிடத்தில் மேலேயும் ஓரிடத்தில் கீழேயும் இருக்கிறது. நாமும் அப்படித்தான்.

சிறுவாணி அணைக்குச் செலவு செய்தது நாம். தண்ணீர் குடிப்பது நாம். ஆனால் முழு மட்டத்துக்குத் தேக்க மாட்டோம் என்று கேரளா சொல்கிறது. இதென்ன நியாயம்?
(இல்லத்தரசி, கோவை)

நியாயத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் பத்திரத்தைப் பார்ப்போம். 1973ல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தம் அது. 99 வருடத்துக்கு, வருடம் 1.3 டி.எம்.சி. செலவு நம்முடையது. அணை நிற்கும் மண்ணும் பராமரிப்பும் கேரளாவுடையது. முழு மட்டம் 49.53 அடி. பாதுகாப்புக் காரணம் சொல்லி சில வருடங்களாக 45 அடிவாக்கிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாலரை அடிதான் ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் குழாயில் காற்றாக வருகிறது.

நம் வாய்க்கால் கணக்கில் சொன்னால், கோவைக்கு வருடம் முழுக்கச் சேர வேண்டிய சிறுவாணித் தண்ணீர் கீழ்பவானியில் ஆறரை நாள் ஓட்டம். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு மல்லுக்கட்டு.

இப்போது அப்படியே தெற்கே பரம்பிக்குளத்துக்கு வாருங்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்றும் கேரள மண்ணில் நிற்கும் அணைகள். கட்டியது, திறப்பது, மூடுவது எல்லாம் நம் ஆட்கள். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறிப் போகிறார்கள். பரம்பிக்குளம் ஊருக்கு அந்தக் காட்டில் கேரளப் பக்கத்திலிருந்து பஸ் வருவதென்றாலும் நம் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். 1970 மே 29ல் கையெழுத்தான ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று போட்டது. முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று ஒரு வரி உண்டு. 1988லேயே முடிந்திருக்க வேண்டியது, இன்னும் முடிந்தபாடில்லை.

ஆக, ஒரே மேற்குத் தொடர்ச்சி மலை, ஒரே இரண்டு மாநிலங்கள். சிறுவாணியில் நம் காசு, அவர்கள் சாவி. பரம்பிக்குளத்தில் அவர்கள் மண், நம் சாவி. இரண்டிலும் டெல்லி எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. மாநிலங்கள் தங்களுக்குள் பேசி எழுதிக்கொண்டால் செல்லும், அதற்கு 56வது இனம் தடை இல்லை.

சாவி நம்மிடம் இருப்பதால் தலைவலியும் நம்முடையதே. 2022 செப்டம்பர் 21ஆம் தேதி பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர் நள்ளிரவில் பிய்த்துக்கொண்டு போனது. அடித்துப் போன தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வரவில்லை, சாலக்குடி ஆற்றில் போனது. கீழே இருந்த கேரள ஊர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று காலை செய்தி கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. ஷட்டரின் எடையைத் தாங்கும் சங்கிலியையும் எதிர் எடையையும் நான் பார்த்திருக்கிறேன். அது அறுந்தால் பக்கத்தில் நிற்கும் மனிதன் என்ன செய்ய முடியும்?

இதில் டெல்லி புதிதாக நுழைந்தது 2021ஆம் வருட அணைப் பாதுகாப்புச் சட்டத்தில். ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநில மண்ணில் இருந்தால், அதன் பாதுகாப்பை மேற்பார்க்கும் வேலை தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. பரம்பிக்குளமும் முல்லைப் பெரியாறும் அதில் வருகின்றன. மாநிலத்தின் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று தமிழ்நாடு எதிர்த்தது. எனக்கு இதில் இரண்டு மனம். உரிமைக்காரன் நான், சோதனை போடுபவன் மூன்றாமவன் என்றால் கௌரவம் குறையத்தான் செய்யும். ஆனால் கீழே குடியிருப்பவனுக்கு என் கௌரவம் எதற்கு? சங்கிலியை யாராவது பார்த்தால் போதும் அவனுக்கு. சரி, சிறுவாணிக்கு இதே சட்டத்தால் ஏதாவது பலன் உண்டா என்றால், 45 அடிக்கு மேல் தேக்கினால் அணை தாங்குமா தாங்காதா என்று நடுநிலையாக ஒருவர் சொன்னால்தான் உங்கள் சண்டைக்குப் பிடி கிடைக்கும். அதைக் கேளுங்கள்.

என் தோட்டத்தில் என் காசில் ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டேன். இதிலும் அரசாங்கம் அனுமதி, கணக்கு என்று வருமா?
(தென்னை விவசாயி, காங்கேயம்)

வந்தால் தப்பில்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்லும் 1882ஆம் வருடச் சட்டத்தின்படி, உங்கள் நிலத்துக்கு அடியில் வரையறுத்த தடம் இல்லாமல் ஊறும் தண்ணீரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கவலை ஏற்றத்தில் இரண்டு எருது இறைத்த காலம். ஒரு நாளில் என்ன எடுத்துவிட முடியும்? அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் அடிக்குக் கீழே நீர்மூழ்கி மோட்டாரை இறக்குகிறோம். சென்னைக்கு 1987லேயே தனிச் சட்டம் வந்தது. மாநிலம் முழுக்க என்று 2003ல் ஒரு நிலத்தடிநீர்ச் சட்டம் போட்டார்கள், 2013ல் ரத்து செய்துவிட்டார்கள். மத்திய அரசு 1997ல் நிலத்தடி நீர் ஆணையம் ஒன்றை அமைத்ததே, அது தண்ணீர் பட்டியலின் வழியாக வந்ததில்லை. 1986ஆம் வருடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, பக்கவாட்டுக் கதவில் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2018ல் நம் காவிரிப் பங்கில் 14.75ஐக் கழித்தார்களே, அதில் 10 டி.எம்.சி. "உங்கள் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறதே" என்று சொல்லிக் கழித்தது. டெல்டாவின் நிலத்தடி நீரைப் பார்த்துச் சொன்னார்கள். அடியில் கிடக்கும் தண்ணீர் ஆற்றுக் கணக்கில் ஏறிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். இனி அதை நாம் கணக்கு வைக்காவிட்டால் வேறு யாரோ வைப்பார்கள்.

நொய்யலில் சாயத் தண்ணீர் விட்டவர்களை மத்திய அரசு கேட்க வேண்டுமா, மாநில அரசு கேட்க வேண்டுமா?
(ஒரத்துப்பாளையம் பக்கத்து வாசகர்)

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சங்கடமாகிவிட்டது. 1992ல் அந்த அணை முடிந்தபோது எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போய்வந்தார்கள். பாசனத்துக்குக் கட்டியது. திருப்பூர்ச் சாயம் வந்து தேங்கி, பாசனத்துக்குத் திறந்தால் பயிர் கருகும் என்று விவசாயிகளே "திறக்காதீர்கள்" என்று சொன்ன அணை அது. சாவி இருந்தது, திறக்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் மாநிலத்தின் விஷயம் என்பதால் நாடாளுமன்றம் நேராக மாசுச் சட்டம் போட முடியவில்லை. 252வது பிரிவின்படி சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு "நீங்களே எங்களுக்காகச் சட்டம் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டன. அப்படிப் பிறந்தது 1974ஆம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டம். நம் மாநிலத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ல் வந்தது. 2024ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதுகூட, தீர்மானம் போட்ட இமாச்சலம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டுமே முதலில் செல்லும் என்று வைத்தார்கள். மற்ற மாநிலங்கள் தாங்களாக ஏற்றுக்கொண்டால்தான்.

ஆகவே கேட்க வேண்டியது மாநில வாரியம். கேட்டது யார் என்றால், நொய்யல் ஆயக்கட்டு (பாசன நிலம்) விவசாயிகள் நீதிமன்றப் படியேறிக் கேட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மத்தியும் மாநிலமும் எங்கே நின்றன என்று இதிலேயே தெரியும்.

நதிகளைத் தேசியமயமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
(வாசகர், தாராபுரம்)

1956ல் ஆற்று வாரியச் சட்டம் என்று ஒன்றும் போட்டார்கள். 56வது இனம் கொடுத்த அதிகாரத்தில் போட்டது. அதன்படி இந்த நாள் வரை ஒரு வாரியம்கூட அமையவில்லை. இருக்கும் சாவியை ஆணியில் மாட்டி வைத்திருப்பவரிடம் இன்னும் நாலு சாவி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா, கூடாதா? நழுவாமல் பதில் சொல்லுங்கள்.
(இரண்டு வாசகர்கள்: ஒருவர் பெருந்துறை, ஒருவர் முத்தூர்)

பெருந்துறைக்காரர் கூடாது என்கிறார், முத்தூர்க்காரர் வேண்டும் என்கிறார். இரண்டு கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படித்தேன். இருவர் சொல்வதும் மெய்.

பவானிசாகர் 1955ல் முடிந்தது. வாய்க்கால் நீளம் 200 கிலோமீட்டர், ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது என்பதால் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஆனால் மண் வாய்க்கால் கரையோரம் போய்ப் பாருங்கள். ஆயக்கட்டில் இல்லாத தோட்டத்திலும் கிணறு நிறைந்து கிடக்கும். கசிவுநீர். தண்ணீர் விட்ட பத்தாம் நாள் கிணற்றில் நாலு படி மறைந்துவிடும். பெருந்துறைக்காரர் கிணறு அப்படிப்பட்டது. அவருக்கு எந்த மதகும் இல்லை, ரசீதும் இல்லை, ஆனால் அறுபது எழுபது வருடமாக வாழ்க்கை அதில் ஓடுகிறது. முத்தூர், அஞ்சூர் பக்கம் கடைமடைக்காரரிடம் பத்திரமும் இருக்கிறது, மதகும் இருக்கிறது. தண்ணீர்தான் வந்து சேருவதில்லை.

சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டம் இது. டெல்லி இதில் இல்லை, கேரளா இல்லை, கர்நாடகா இல்லை. 17வது இனத்துக்குள் முழுக்க அடங்கியது. அப்படியும் தீரவில்லை, பார்த்தீர்களா?

நழுவாமல் சொல்கிறேன். பழைய மதகுகள், பாலங்கள், பள்ளத்தைத் தாண்டும் தொட்டிப்பாலங்கள், கரை உடைந்து உடைந்து ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாவற்றையும் கட்டுங்கள். வாய்க்காலின் அடியை மண்ணாகவே விடுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் போகாததற்கு நான் கண்ட காரணத்தில் கசிவு இரண்டாவது. முதலாவது, இரவில் வாய்க்காலுக்குள் இறங்கும் குழாய்கள். அதைப் பிடுங்க கான்கிரீட் வேண்டாம்.

உத்தியோகத்தில் நீங்களே தப்புச் செய்ததுண்டா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

உண்டு. எந்தப் பிரிவு, எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாம் போகம். புஞ்சைப் பயிருக்கு நனைப்புத் தண்ணீர் விட்டிருந்தோம். ஒரு கிளை வாய்க்காலின் கேஜ் நோட்டில் பதினொரு நாளும் ஒரே அளவு: 2.4 அடி. பில் வேலையில் மூழ்கிக் கிடந்த நான் பதினொரு நாளும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓடுகிற தண்ணீர் பதினொரு நாள் ஒரே மட்டத்தில் நிற்குமா என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு பாட்டி வந்தார். கடைமடை. கையில் வேரோடு பிடுங்கிய நாலு கடலைச் செடி. மேசையில் வைத்தார். இலை மடிந்து, தொட்டால் நொறுங்கியது. "உங்க நோட்டுல தண்ணி ஓடுதுங்களா சாமி?" என்று கேட்டார். ஓடுகிறது என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "அப்ப அந்த நோட்டக் குடுங்க, கொண்டு போயி வயல்ல போடறேன்" என்றார்.

வாய்க்காலைக் கவனித்து கேஜ் படிக்கும் ஊழியரான லஸ்கரைக் கூட்டிக்கொண்டு டிவிஎஸ் ஐம்பதில் போனேன். கேஜ் தகட்டில் எனாமல் உரிந்து, பாசி ஏறி, 2க்கும் 3க்கும் நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் போகும் பலகைப் பாலம் அந்தப் பதினொரு நாளில் முதல் நாளே உடைந்திருக்கிறது. "சார், கோச்சுக்காதீங்க, அக்கரையில இருந்து குத்துமதிப்பாப் போட்டனுங்க" என்றார் லஸ்கர். மேலே ஓரிடத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட என்று யாரோ கரையை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் அதில் போய்க்கொண்டிருந்தது. லஸ்கர் மேல் நடவடிக்கை எடுத்திருக்கலாம். எடுத்தால் என் பதினொரு கையெழுத்தும் வெளியே வரும். எடுக்கவில்லை. "கேஜ் பழுது" என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டேன். வெட்டை அன்று மாலையே அடைத்தோம், மறுநாள் பாட்டிக்குத் தண்ணீர் போனது. பாதிக் கடலைதான் மிஞ்சியது.

அடுத்த நனைப்பு திறந்த அன்றைக்குப் போனால், மதகுத் திட்டில் பாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குப்போசியில் கம்மஞ்சோறு. தண்ணீருக்குள் ஒரு மூங்கில் குச்சி ஊன்றியிருந்தது. அரிவாளால் கீறிய மூன்று கோடு அதில். மேல் கோட்டில் தண்ணீர் நின்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நடுக்கோட்டுக்கு இறங்கினால் லஸ்கரைக் கூப்பிடுவார். கீழ்க்கோடு என்றால் பேரனைச் சைக்கிளில் என் ஆபீசுக்கு அனுப்பிவிடுவார். அந்தப் போகம் முடியும் வரை நான் நோட்டில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் குச்சியைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.